லாரிச் சக்கரத்துப் பூ

ஹென்றியை வெட்கம் கெட்டவன் என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். அவனுக்கு வெட்கம் கொஞ்சம் அதிகம், கோளாறே அதுதான். திருவொற்றியூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் அச்சுக்கான மாதிரிகளை மரத்தில் செய்கிற தச்சன் அவன். கம்பெனிக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டி ஆடி போய் ஆவணியும் போய்விட்டது. கூட வேலை செய்தவர்கள் கேட்டுக்கு எதிரே கொட்டகை போட்டுக் கோஷம் போட்டார்கள், கோஷம் போட்டு ஓய்ந்த நேரத்தில் சீட்டாடினார்கள். ஹென்றிக்குக் கோஷமும் வராது, சீட்டும் வராது. ராயபுரத்தில் தங்கச்சி பிலோமி வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒற்றைக் கட்டை. பிலோமியின் புருஷன் லூயிஸ் ஹார்பரில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டுகிறவன், தங்கமான மனுஷன். மச்சான் வந்து மாதக்கணக்காக உட்கார்ந்து சாப்பிடுகிறானே என்று ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் ஹென்றிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "மச்சான், இன்னொரு துண்டு மீன் போட்டுக்கோ, கூச்சப்படாத" என்று லூயிஸ் சொல்லும்போதெல்லாம் அவன் தலையைக் குனிந்துகொள்வான். ஆண்பிள்ளை தங்கச்சி சோற்றைத் தின்பதா என்று ஊர் கேட்கவில்லை, அவனே நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதனால்தான் லாரி செய்ய ஆரம்பித்தான். பொம்மை லாரி. ஹார்பருக்கு மூட்டை ஏற்றிப் போகிற லாரியை அப்படியே சின்னதாக்கி மரத்தில் செய்வது. பின்பலகையைத் திறந்தால் கீழே தொங்கவேண்டும், பிள்ளைகள் மண்ணை ரொப்பிச் சரித்துக் கொட்டவேண்டும். டோல்கேட்டில் ஃபேன்சி சாமான் மொத்த வியாபாரம் செய்கிற ரகுபதியிடம் போய் வாயால் சொல்லிப் பார்த்தான். ரகுபதி வாயால் சொன்னதை வாங்குகிற ஆள் இல்லை. "கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு ஆவும்பா. ஆனா சாம்பிள் கொண்டா. கண்ணால பாத்தாத்தான் நமக்கு நம்பிக்கை" என்று அனுப்பிவிட்டார்.

மரம் ஒரு பிரச்சினையே இல்லை. சரக்குப் பெட்டி உடைத்த பலகை ஹார்பர் கேட்டுக்கு வெளியே கொள்ளையாகக் கிடைக்கும். அச்சுக் கம்பிக்கு சைக்கிள் கடையில் தூக்கிப் போட்ட ஸ்போக். பின்பலகையை மாட்டுகிற சங்கிலி காயலான் கடையில் பழைய விளக்கிலிருந்து கழற்றியது. சக்கரத்தை அவனே கடைந்துவிட்டான். வில்லங்கம் எங்கே வந்தது என்றால் கீலில். கட்டை விரல் நகத்தளவு கீல் வேண்டும், ஒரு லாரிக்கு இரண்டே இரண்டு. பாரீஸ் பக்கம் இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினான். பெரிய கீல்தான் சில்லறையாகத் தருவார்கள். சின்னது வேண்டுமென்றால் குரோஸ் கணக்கில், நூற்று நாற்பத்து நாலாக எடு என்றார்கள். சாம்பிளுக்கு இரண்டு கீல் கேட்கிற ஆளைக் கடைக்காரன் எந்தப் பார்வை பார்ப்பானோ அந்தப் பார்வை பார்த்தார்கள். மூர் மார்க்கெட்டில் கிடைத்தவை துருப் பிடித்து ஒன்றோடொன்று சேராமல் இருந்தன.

தவிரவும் சக்கரம் வெறும் மரமாக மொட்டையாக இருந்தது. நடுவில் பளபளவென்று ஒரு வில்லை இருந்தால்தான் அது லாரிச் சக்கரம். இல்லாவிட்டால் அப்பளக் கட்டை.

சின்னக் கீல், சின்னத் தகரப் பூ இரண்டும் ஒரே இடத்தில், சென்னைப் பட்டணத்திலேயே மலிவாக எங்கே கிடைக்கும் என்பது அவனுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருப்பதற்காகத்தான் அத்தனை கடை ஏறி இறங்கினான்.

கல்லறைக்குப் போகிற வழியில் செல்வநாதனுடைய சவப்பெட்டிக் கடை இருக்கிறது. பெரியவர்களுக்குக் கறுப்புப் பெட்டி, குழந்தைகளுக்கு வெள்ளைப் பெட்டி. ஞானஸ்நானம் வாங்கின குழந்தை செத்தால் சம்மனசு, அதாவது தேவதூதன், ஆகிவிடும் என்பது நம்மவர்கள் நம்பிக்கை, ஆகவே அந்தச் சின்னப் பெட்டிக்குச் சம்மனசுப் பெட்டி என்றே பெயர். அதற்கென்று குட்டிக் கீல் உண்டு. மூலைக்கு மூலை அடிக்க வெள்ளியாட்டம் மின்னுகிற தகரப் பூ உண்டு, ஒரு ரூபாய்க் காசு அகலத்தில், ஆறு இதழோடு. செல்வநாதன் சம்மனசுப் பெட்டிக்கு லாபம் வைக்கமாட்டார். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் அப்படித்தான். தனக்கு என்ன விலை விழுந்ததோ அதையேதான் வாங்குவார். சில வீடுகளில் அதுவும் வாங்கமாட்டார். ராயபுரத்தில் இது தெரியாத ஆள் கிடையாது.

ஹென்றிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிலோமியின் ஒரே மகள் கிளாரா தொண்டை அடைத்துச் செத்தபோது, தாய்மாமன் என்கிற முறையில் பெட்டி வாங்கப் போனவன் அவன்தான். காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்கிற தாய்மாமனேதான் பெட்டிக்கும் போகவேண்டும். அன்றைக்குச் செல்வநாதன் கடையில் வேலையாள் இல்லை, பூக்களை ஹென்றியே தன் கையால் அடித்தான். மூன்று வயசுக் குழந்தைக்கு எத்தனை பெரிய பெட்டி வேண்டியிருக்கும்? சின்னச் சுத்தியல் போதுமாக இருந்தது.

மனிதனுக்கு ஆத்திரம் வந்தால் புத்தி மட்டு, தேவை வந்தால் புத்தியே இல்லை. ஒரு சாயங்காலம் ஹென்றி அந்தக் கடைப் படியில் ஏறிவிட்டான். 'ஆணி ஆணிதானே, கீல் கீல்தானே, அதில் சாவு என்ன ஒட்டிக்கொண்டா இருக்கிறது' என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனான். செல்வநாதனிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்றுதான் இருந்தான். அதுமட்டும் சத்தியம்.

ஆனால் சவப்பெட்டிக் கடைக்கு யாரும் விலை விசாரிக்கப் போவதில்லையே. செல்வநாதன் அவனைப் பார்த்ததும் உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து எழுந்துவிட்டார். தோள் துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "யாரு வூட்ல நைனா?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொம்மை லாரி என்று எப்படிச் சொல்வது? வாய் திறந்தது. வந்தது வேறு.

"மாத்தூர்லண்ணே. தூரத்துச் சொந்தம். கொழந்த."

"சேசுவே! இன்னா வயசு?"

"மூணு."

மூணு என்பது எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. செல்வநாதன் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பொட்டி நா அடிச்சுத் தரட்டா? ஜல்தியா முடிச்சுடுவேன்."

"வாணாம்ணே. நானே அடிச்சுக்கிறேன். கீலும் பூவும் மட்டும் குடு."

"அதுவும் சரிதான். மாமன் கையால அடிச்சாத்தான் அதுக்கும் சாந்தி" என்று சொல்லிச் செல்வநாதன் கீலையும் பூவையும் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். காசை நீட்டினபோது கையை விலக்கிவிட்டார். "போன தபா கிளாராவுக்கு வந்த. இப்ப இன்னொண்ணு. உன் கையில நா இன்னாத்த வாங்கறது, போ."

ஆக, சென்னையிலேயே மலிவான சரக்கு ஓசியில் கிடைத்தது. பொட்டலத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஹென்றி கடற்கரை ஓரமாகச் சுற்றி வீட்டுக்கு வந்தான். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தலை தானாகக் குனிந்தது. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். சும்மா! அன்று ராத்திரி அவனுக்கு வஞ்சிரக் குழம்பு கிடைத்தது, வயிறு நிறையக் கிடைத்தது, இறங்கத்தான் மாட்டேன் என்றது.

லாரி அழகாக வந்துவிட்டது, அதையும் சொல்லவேண்டும். சிவப்பு வண்டி, பச்சை மூக்கு, பின்பலகை தடால் என்று விழும். பூக்களுக்கு மட்டும் மஞ்சள் வர்ணத்தை இரண்டு கை பூசினான். கெட்டியாகப் பூசினால் இதழ் தெரியாது என்று கணக்கு. என்ன பூசியும் ஆறு இதழும் தெரிந்தன. பிலோமி சமையல் கட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தபோது அவன் லாரியைத் துணியால் மூடப் போனான். அவள் விடவில்லை.

"அட, குடுண்ணே, பாக்கலாம்!" என்று பிடுங்கித் தரையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஓட்டினாள். கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுண்டிவிட்டாள். பூ கிறுகிறுவென்று சுற்றியது. "சூரியகாந்தி கணக்கா கீதுண்ணே. எங்க கெட்ச்சுது இது?"

"மூர் மார்க்கெட்ல" என்றான் ஹென்றி, சுவரைப் பார்த்து.

"கிளாரா கையில இது கெட்ச்சிருக்கணும். மண்ண வாரி வாரி ரொப்பிகினு, சோறு துன்னக் கூப்புட்டாக்கூட வந்திருக்காது" என்று சிரித்தாள். இரண்டு வருஷத்தில் குழந்தை பேரை அவள் சிரித்துக்கொண்டு சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று குழந்தையின் பெட்டியை மூடும்போது தாய்க்காரி, பாவி மகள், நினைவில்லாமல் கிடந்தாள், பூவையும் பார்க்கவில்லை, ஒன்றையும் பார்க்கவில்லை. அவள் சுண்டிச் சுண்டிச் சக்கரத்தைச் சுற்றவிட, ஹென்றி எழுந்து போய்க் கொல்லையில் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினான். முகத்தில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. இருந்தாலும் கழுவினான்.

டோல்கேட்டில் ரகுபதி லாரியைக் கையில் எடுத்ததும் நேராகச் சக்கரத்தைத்தான் தொட்டார். "இந்தப் பூ இன்னா பூப்பா, ஜோரா கீது! இது இல்லன்னா வெறும் கட்டை." கூப்பிட்டுக் கடைப் பையன்களிடமெல்லாம் காட்டினார். அவர் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர், அவருக்குச் சம்மனசுப் பெட்டி எங்கே தெரியப் போகிறது? "இதே மாதிரி இன்னும் மூணு கொண்டா. மைலாப்பூர், திருவல்லிக்கேணி, பெரம்பூர் மூணு எடத்துக்கும் காட்டறேன். அவங்க ஓகேன்னா கிறிஸ்துமஸுக்கு முழு ஆர்டரும் உனுக்குத்தான். ஆனா பூவு மாறக்கூடாது, ஆமா."

வேறு பூ வைக்கிறேன் என்று ஹென்றி சொல்லிப் பார்த்தான். ரகுபதி காதில் போட்டுக்கொள்ளவில்லை. முழு ஆர்டர் என்கிற இரண்டு வார்த்தை ஹென்றியின் காதில் மணியடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஆர்டர் வந்தால் தனியாக ஒரு அறை எடுக்கலாம், தானே பொங்கித் தின்னலாம், லூயிஸ் தட்டில் மீன் போடும்போது தலையைக் குனிய வேண்டாம். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டாயிற்று, இனி அது குடையாமல் இருக்குமா?

மறுபடியும் செல்வநாதன் கடை. இந்தத் தடவை அவர் எழுந்தவர் அப்படியே அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஹென்றி மூணு விரலைக் காட்டினான், வாயைத் திறக்கவில்லை.

"மூணா? இன்னாப்பா சொல்ற! மாத்தூர்ல காய்ச்சலா?"

ஹென்றி தலையை ஆட்டினான். வாயால் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று அன்றைக்கு அதுவே ஒரு ஆறுதல் அவனுக்கு. பாவத்துக்கும் படி வைத்து இறங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ஜாதி. செல்வநாதன் பூக்களை எண்ணிப் போடும்போது நடுநடுவே சிலுவை போட்டுக்கொண்டார். தொழிலே அதுதான் என்றாலும் ஒரே ஊரில் நாலு குழந்தை என்றால் யாருக்குத்தான் தாங்கும்? உள்ளே அவர் பெண்சாதி ஐயோ ஐயோ என்றது கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஹென்றி போகவில்லை, தலைவலி என்று படுத்துவிட்டான். போன பிலோமி திரும்பி வந்தபோது கண் சிவந்து வீங்கியிருந்தது.

"இன்னாண்ணே நீ! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்றாள் வாசலிலேயே. "சாமியாரு பூசையில வேண்டிக்கச் சொன்னாரு. மாத்தூர்ல காய்ச்சல்ல செத்த நாலு சம்மனசுங்களுக்காவன்னாரு. கோயிலே அழுவுது. அப்பால செல்வநாதன் அண்ணன் வந்து, உங்க சொந்தம்தானாமேன்னு கேக்குறாரு. நாளைக்குச் சாயங்காலம் அவரு காசுல அந்தப் புள்ளைங்களுக்குப் பூசை வேற வெச்சுக்கீறாரு. நா முழிச்சுகினு நின்னேன். யாருண்ணே அது?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, 'பிலோமி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்' என்று ஆரம்பித்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். எதிரே சுவரோரம் மூன்று புது லாரிகள் வர்ணம் காய்ந்துகொண்டிருந்தன. ரகுபதி செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

"சொந்தம் இல்ல, அவரு தப்பாப் புரிஞ்சுகினாரு. கம்பெனியில கூட வேல செஞ்சான் டேனியல்னு ஒருத்தன். அவன் கொழந்த, அப்புறம் பக்கத்து வூட்டுக் கொழந்தைங்க" என்றான் ஹென்றி.

"நாளைக்கு நாம போறோம்" என்றாள் பிலோமி.

"எதுக்கு? அவங்களே பேஜார்ல கீறாங்க."

"அதுக்குத்தான் போவணும். கிளாரா போனப்ப எல்லாரும் வந்தாங்க, அல்லாம் சொன்னாங்க. ஆனா புள்ளயப் பறிகுடுத்த ஒருத்தி வந்து என் கையப் புடிச்சுகினு சும்மா ஒக்காந்தா தேவலன்னு எனக்கு இருந்துச்சு. அப்படி யாரும் வர்ல. நா போவணும்ணே." மேற்கொண்டு அவள் பேச்சுக்கு இடம் வைக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கஞ்சி காய்ச்சித் துவையல் அரைத்து ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டாள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா? டோல்கேட்டில் பஸ் ஏறினார்கள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் இவன். தூக்கு மடியில் சூடாக இருக்கிறது என்று முந்தானையை மடித்து அடியில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மா பேர் என்ன என்று கேட்டாள், தெரியாது என்றான். குழந்தை பேர் என்ன என்று கேட்டாள், அதற்கும் தெரியாது என்றான். "கூட வேல செஞ்சவன் புள்ள பேருகூடத் தெரியாதா? நீ இன்னா தோஸ்து?" என்று கடிந்துகொண்டாள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சொல்லிவிடலாம், அடுத்த ஸ்டாப்பில் சொல்லிவிடலாம் என்று அவன் நினைத்துக்கொண்டே வர, பஸ் மணலிக்கு வந்து நின்றுவிட்டது.

அங்கிருந்து மாத்தூருக்கு நடை. பின்னால் ரிஃபைனரி புகைக்கூண்டு, முன்னால் ஏரிக்கரை, வயல், பத்துப் பதினைந்து கூரை வீடு. பிலோமி வேகமாக நடந்தாள். ஹென்றி வழி தெரிந்தவன் மாதிரி முன்னால் போகவும் முடியாமல், பின்னால் நிற்கவும் முடியாமல் கூடவே போனான். ஊர் மிக அமைதியாக இருந்தது. ஒரு வீட்டுச் சுவரில் பெண்பிள்ளை ஒருத்தி வரட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மண்ணில் அம்மணமாக ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது.

"இங்க டேனியல் வூடு எதும்மா?" என்று பிலோமி கேட்டாள்.

"டேனியலா? அப்படி யாரும் இங்க இல்லியே."

"காய்ச்சல்ல கொழந்த செத்துப்போச்சே, அந்த வூடு. நாலு கொழந்தைங்க..."

அவ்வளவுதான். அந்தப் பெண்பிள்ளை சாணிக் கையோடு ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அடி, இன்னா பேசற நீ? வாயக் கழுவு! எங்க ஊர்ல எந்தக் கொழந்தயும் சாவல. நல்லா கீற வூட்டாண்ட வந்து எழவு கேக்குற! யாரும்மா நீங்க?" என்று கத்தினாள். தூ தூ தூ என்று மூன்று தரம் துப்பினாள். குழந்தையோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிலோமி மெதுவாகத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் இன்னொரு பொய் கண்டுபிடித்திருப்பானோ என்னவோ. ஏரிக்கரை வரைக்கும் வந்து, ஒரு வேல மரத்தடியில் நின்று, அவள் காலைப் பார்த்துக்கொண்டே அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கீல் தேடினது, செல்வநாதன் எழுந்து நின்றது, நாக்கில் மாத்தூர் வந்தது, மூணு வயசு என்றது, மூணு விரல் காட்டினது, மஞ்சள் வர்ணம், மூர் மார்க்கெட், டேனியல், எல்லாம். சொல்லச் சொல்ல அவனுக்கே அது யாரோ ஒரு பேமானியின் கதை மாதிரி கேட்டது. செருப்பைக் கழற்றி அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான்.

"அப்போ ஒரு புள்ளயும் சாவலியா?" என்றாள் பிலோமி.

"சாவல."

"நெஜமா?"

"நெஜமாத்தான். கிளாரா மேல ஆணையா..." என்று தொடங்கினவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"சேசு மரி சூசையே!" என்று அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணும் சாவல. நாலும் நல்லா கீது. அம்மா தாயே, நாலு பேரும் நல்லா கீறாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இல்லாத நாலு குழந்தைகளும் பிழைத்து எழுந்து வந்ததுபோல அத்தனை சந்தோஷம் அந்த முகத்தில். ஹென்றிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடியாவது வாங்கிக்கொள்ளலாம், இதை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அழுது ஓய்ந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஏரியைப் பார்த்தபடியே பேசினாள். அண்ணே என்கிற சொல் அவள் வாயில் வரவில்லை.

"அந்தச் சக்கரத்த நா சுத்தி வுட்டேனே."

"பூவெல்லாம் பிடுங்கி எறிஞ்சுடறேன் பிலோமி. ரகுபதி கிட்டயும் வாணாம்னுடறேன்."

"பூவப் பத்தி யாரு கேட்டா? தகரம்தானே. கேட்டிருந்தா நானே ஒக்காந்து ஆணி அடிச்சுக் குடுத்திருப்பேன், அவ பேரச் சொல்லி நாலு கொழந்தைங்க வெளயாடட்டும்னு." தூக்கை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. யாராண்டயும் சொல்லாதது. நேத்து கோயில்ல சாமியாரு நாலு கொழந்தைங்கன்னு சொன்னாரில்ல? சொன்ன ஒடனே எனக்கு இன்னா தோணுச்சு தெரியுமா? நா மட்டும் இல்ல, இன்னும் நாலு பேரு கீறாங்கன்னு தோணுச்சு. மனசு லேசாச்சு. நாலு புள்ள செத்ததுல எனக்கு மனசு லேசாச்சு. சீ, நாயிகூட அப்படி நெனைக்காது. அதுக்குத்தான் கஞ்சியத் தூக்கிகினு ஓடியாந்தேன். அவங்க கால்ல வுழுவலாம்னு வந்தேன். நா இத்தினி கெட்டவள்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு. நீதான் காட்டிக் குடுத்த."

ஹென்றி அவள் எதிரில் உட்கார்ந்தான். நீ கெட்டவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதைச் சொல்லுகிற யோக்யதை தனக்கு இல்லை என்பது நன்றாகத் தெரிந்தது, மூடிக்கொண்டான். நாலு குழந்தைகளை வாயால் கொன்றதுகூடப் பெரிசில்லை, அவை உயிரோடு இருந்ததே இல்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தியை, தனக்குச் சோறு போட்ட ஒருத்தியை, அவளே தன்னைக் காறித் துப்பிக்கொள்ளும்படி பண்ணிவிட்டான். அவமானம் என்றால் என்னவென்று அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இத்தனை நாள் அவன் வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தது வெறும் ரோஷம். தங்கச்சி சோற்றைத் தின்றதற்குக் கூசினவன், தின்றுவிட்டுச் செய்ததற்குக் கூசவில்லை.

"எழுந்திரு" என்றாள் பிலோமி. "சாயங்காலம் பூசைக்கு முன்னால போவணும்."

தூக்கை அவன் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. மணலியில் பஸ் ஏறினார்கள். அவள் முன்னால் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள், இவன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தான். ராயபுரத்தில் இறங்கி அவள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே கல்லறைத் தெருவுக்கு நடந்தாள்.

செல்வநாதன் பூசைக்குப் புறப்பட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் பெண்சாதி, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர், எல்லார் கையிலும் மெழுகுவத்தி. யாரோ தெரியாத ஊர்க் குழந்தைகளுக்காக அத்தனை பேரும் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு நின்றார்கள். ஹென்றியைக் கண்டதும் செல்வநாதன் வழிவிட்டு ஒதுங்கிக் கையெடுத்துக் கும்பிட்டார், துக்கக்காரனைக் கும்பிடுகிற மாதிரி.

ஹென்றியின் கால் ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. "எல்லாரும் கீறாங்க பிலோமி. அவரைத் தனியாக் கூட்டிகினு போய்ச் சொல்லிடறேனே" என்றான்.

"சாமியாரு கோயிலுக்கே கேக்குறாப்புலதான் சொன்னாரு" என்றாள் அவள். "நீ போ. நா இங்கயே நிக்கிறேன். ஒரு புள்ளயும் சாவலன்னு சத்தமா சொல்லு. எனக்குக் கேக்கணும்."